வண்டலூரை ஒரே நாளில் பார்த்து முடிக்க முடியுமா?

விழுப்புரத்திலிருந்து குடும்பத்தோடு கிளம்புகிறீர்கள். பத்து வயதுப் பையன், ஆறு வயதுப் பெண், முட்டிவலி உள்ள அம்மா. காலையில் வந்து சாயங்காலம் திரும்பிவிட வேண்டும், அதற்குள் வண்டலூர் உயிரியல் பூங்காவை முழுசாகப் பார்க்க என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள்.

முழுசாகப் பார்க்க வழியில்லை. பார்க்கவும் வேண்டாம். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர், நம் கணக்கில் ஏறக்குறைய 1,490 ஏக்கர். அதில் பெரும்பகுதி காடு, மக்கள் நடமாடும் பாதை அதில் ஒரு பங்குதான். அந்தப் பங்கையே வெயிலில் குழந்தைகளோடு சுற்றி வருவதற்குள் போதும்போதும் என்றாகிவிடும். "அடுத்தது, அடுத்தது" என்று ஓடுகிற குடும்பங்களை அங்கே எப்போதும் பார்க்கலாம். மத்தியானம் இரண்டு மணிக்குச் சின்னது அப்பா தோளில் தூங்கும், பெரியது ஐஸ்கிரீமுக்கு அடம் பிடிக்கும், பாட்டி எங்கோ ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் "புலி தூங்கிட்டிருந்துச்சு" என்பார்கள்.

அதனால் ஆறேழு விலங்குகளை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் முன்னாலும் கால் மணி நேரமாவது நில்லுங்கள். என் யோசனை இவ்வளவுதான். எவற்றின் முன்னால், எந்த நேரத்தில், நின்று எதைப் பார்ப்பது என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் நாள். செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. பண்டிகை, பள்ளி விடுமுறைக் காலங்களில் சில செவ்வாய்களில் திறப்பதுண்டு, ஆனால் அதை அறிவிப்பில் பார்த்து உறுதி செய்துகொள்ளாமல் கிளம்பாதீர்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை அருமையான காலம். ஏப்ரல், மே மாதங்களில் விடுமுறை என்பதால்தான் எல்லோரும் வருகிறார்கள், விலங்குகளோ அப்போது நிழலை விட்டு நகராது. காணும் பொங்கல் அன்று மட்டும் தயவுசெய்து வேண்டாம். அன்றைக்குச் சென்னையில் பாதி ஊர் அங்கேதான் இருக்கும். தொலைந்துபோகும் குழந்தைகளுக்காகக் கையில் பெற்றோரின் போன் நம்பரை எழுதிப் பட்டை கட்டிவிடுகிற அளவுக்குக் கூட்டம். நல்ல ஏற்பாடுதான், சாதாரண ஞாயிற்றுக்கிழமையிலும் உங்கள் பெண்ணுக்கு நீங்களே அப்படி எழுதிக் கட்டிவிடலாம்.

வருவது எளிது. பூங்கா ஜிஎஸ்டி சாலையிலேயே, அதாவது சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபிறகு தென்மாவட்டப் பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன என்று ஊருக்குள் இருப்பவர்கள் புலம்புவார்கள். உங்களுக்கு அதுவே வசதி. அங்கிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர்தான், மாநகரப் பேருந்தோ ஆட்டோவோ போதும். ரயிலில் வந்தால் செங்கல்பட்டிலோ தாம்பரத்திலோ இறங்கி மின்சார ரயில் பிடித்து வண்டலூர் நிலையத்துக்கு வந்துவிடலாம். எதில் வந்தாலும் ஒன்பது மணிக்கு வாசலில் நிற்பது மாதிரி வாருங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிட்டால் வரிசை மிச்சம். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் இங்கே எழுதவில்லை, அவர்கள் தளத்திலேயே இருக்கும்.

வாசலில் பையைச் சோதிப்பார்கள். பிளாஸ்டிக் கவர், சிப்ஸ் பாக்கெட் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். இதற்காக அவர்களிடம் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். கிண்டியைச் சுற்றிச் செத்துப்போன மான்களின் வயிற்றைத் திறந்தபோது பிளாஸ்டிக் பந்து பந்தாகச் சுருண்டு கிடந்த செய்தி பலமுறை வந்திருக்கிறது. உப்பு ருசி ஒட்டியிருந்தால் மான் கவரோடு சேர்த்து மென்றுவிடும். அசைபோடுகிற வயிற்றிலிருந்து அது வெளியே வராது, கரையவும் கரையாது, தழை தின்ன இடமில்லாமல் போகும். எனவே எவர்சில்வர் டப்பாவில் புளிசாதமோ தயிர்சாதமோ கட்டிக்கொண்டு வாருங்கள். தண்ணீருக்கும் எவர்சில்வர் பாட்டில்.

உள்ளே நுழைந்ததும் பேட்டரி காரில் ஒரு சுற்று போய்விடுங்கள், ஐந்து பேருமாக. பேட்டரி காரில் போனால் ஒன்றும் பார்க்க முடியாது என்று சிலர் சொல்வார்கள், அது பாதி உண்மை. ஆனால் உங்கள் நிலைமைக்கு அதுதான் சரி. அம்மா பெரும்பாலானவற்றைப் பார்த்துவிடுவார், அப்புறம் அவரை நடக்கவைக்க வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். எதைத் திரும்பி வந்து நின்று பார்ப்பது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். தாங்களே தேர்ந்தெடுத்த விலங்கிடம் "போலாம்ப்பா" என்று சீக்கிரம் சொல்லமாட்டார்கள். அம்மாவுக்கு அதற்குப் பிறகும் கூட வர ஆசை இருந்தால், சக்கர நாற்காலி இருக்கிறதா என்று வாசல் அலுவலகத்தில் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

சிங்க உலாவிடத்துக்கான (லயன் சஃபாரி) பேருந்து டிக்கெட்டையும் காலையிலேயே எடுத்துவிடுவது நல்லது, விடுமுறை நாளில் சீக்கிரம் தீர்ந்துவிடும். எதிர்பார்ப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். சிங்கம் ஒரு நாளில் பதினெட்டு, இருபது மணி நேரம் படுத்தே கிடக்கிற பிராணி. மரத்தடியில் நாலு சிங்கம் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடப்பதைத்தான் பெரும்பாலும் பார்ப்பீர்கள். வலைக்கம்பி போட்ட பேருந்தில் உட்கார்ந்து போவதே ஆறு வயதுக்கு ஒரு சாகசம், அந்த அளவில் காசுக்கு நஷ்டமில்லை.

இனி, நின்று பார்க்க வேண்டியவை. முதலிடம் சிங்கவால் குரங்குக்கு. புலிக்கும் சிங்கத்துக்கும் முன்னால் கூட்டம் முண்டும்போது இங்கே கொஞ்சம் காலியாக இருக்கும். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் குரங்கு இது. காட்டில் மிச்சமிருப்பவை நாலாயிரத்துக்கும் குறைவு என்கிறார்கள். இதைப் பூங்காக்களில் வைத்து இனப்பெருக்கம் செய்யும் தேசியத் திட்டத்தில் வண்டலூருக்கு முக்கியமான பங்கு உண்டு. ஆனால் குழந்தைகளிடம் இந்தக் கணக்கெல்லாம் சொல்லாதீர்கள், கன்னத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் தீனி வைத்த நேரமாக இருந்தால், பெரியது முதலில் வந்து வாய்கொள்ளாமல் அள்ளித் திணித்துக்கொள்ளும். மெல்லாது. இரண்டு கன்னமும் உப்பிப்போகும், ஏனென்றால் கழுத்துவரை இறங்குகிற பை அதன் கன்னத்துக்குள் இருக்கிறது. பிறகு தனியாக உயரத்துக்கு ஏறிப்போய் உட்கார்ந்து, புறங்கையால் கன்னத்தை அழுத்தி உள்ளே இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குத் தள்ளி, அப்போதுதான் நிதானமாக மெல்லும். அந்தப் புறங்கை அழுத்தலை ஒருமுறை பார்த்துவிட்ட பிள்ளை வீட்டுக்கு வந்தும் செய்து காட்டும். குட்டி இருந்தால் முகத்தைப் பாருங்கள். பிறந்த குட்டிக்கு அந்தச் சாம்பல் பிடரி இருக்காது, கொஞ்ச நாள் கழித்துத்தான் வளரும்.

அதேபோல் கருமந்தி, நீலகிரி மந்தி என்றும் சொல்வார்கள். இது இலை தின்னி. கன்னப்பை கிடையாது, அதற்குப் பதில் வயிறு அறை அறையாக இருக்கிறது. மாட்டுக்கு நடப்பது போல நுண்ணுயிர்கள்தான் இலையைப் புளிக்கவைத்துச் செரிக்க வைக்கின்றன. அதனால்தான் இது சாப்பிட்டுவிட்டு மணிக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும், சோம்பேறித்தனம் இல்லை. இந்த வயிற்றுக்கு ஒரு பிஸ்கெட்டும் ஒரு பிடி பொரியும் போட்டால் உள்ளே புளிப்பு ஏறி வயிறு ஊதிப்போகும். "பாவம், பசிக்குது போல" என்று யாராவது எறிந்தால் தடுத்துவிடுங்கள், தயங்க வேண்டாம்.

அடுத்து மான்கள். "மான்தானே, நம்ம ஊர்லயே இருக்கு" என்று எல்லோரும் தாண்டிப்போகிற இடம். பத்து வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல இடம் அங்கே இல்லை என்பேன். புள்ளிமானையும் வெளிமானையும் ஒப்பிட்டுக் கொம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். புள்ளிமானின் கொம்பு கிளை கிளையாக இருக்கும், ஆண்டுக்கு ஒருமுறை விழுந்து புதிதாக முளைக்கும். வெளிமானின் கொம்பு கிளையில்லாமல் முறுக்கிக்கொண்டு மேலே போகும், ஆயுளுக்கும் அதே கொம்புதான். நம் பக்கத்துப் புள்ளிமான்கள் எல்லாம் ஒரே மாதத்தில் கொம்பு உதிர்ப்பதில்லை, அதனால் ஒரே மந்தையில் எல்லாக் கட்டமும் கிடைக்கும். ஒன்று முழுக் கொம்போடு நிற்கும், ஒன்றுக்கு நெற்றியில் மொட்டு மாதிரி இரண்டு மேடு, இன்னொன்றின் கொம்பின்மேல் மென்மயிர் போர்த்தியிருக்கும். அந்த மென்மயிர்த் தோலுக்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. கொம்பு வளர்ந்து முடிந்ததும் மான் மரத்தில் தேய்த்து அந்தத் தோலை உரித்துவிடும். நாள் சரியாக அமைந்தால் பாதி உரிந்து நார் நாராகத் தொங்குவதைப் பார்க்கலாம். ரத்தக் கசிவைப் பார்த்துப் பெண் பயந்தால், அதற்கு வலிக்காது, பல் விழுந்து முளைக்கிற மாதிரிதான் என்று சொல்லுங்கள். ஆறு வயதில் அது அவளுக்குச் சட்டென்று புரியும்.

வெளிமானில் இன்னொரு விளையாட்டு. எது கிழவன், எது இளவட்டம் என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். ஆண் பிறக்கும்போது பெண்ணைப் போலவே மான்நிறம். வயது ஏற ஏற முதுகு கறுக்கும், கொம்பில் முறுக்கு கூடும்.

முதலைப் பக்கம் போனால், வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடப்பதைப் பார்த்து "பொம்மைடா" என்பார்கள், கல் எறிந்து பார்க்கிறவர்களும் உண்டு. உடம்புச் சூட்டை வாய் வழியாக ஆற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். கரியல் என்கிற வடநாட்டு முதலையை அடையாளம் காண மூக்கைப் பார்த்தால் போதும், குச்சி போல நீண்டு மெலிந்திருக்கும். அதில் வளர்ந்த ஆணுக்கு மூக்கு நுனியில் சின்னக் குடம் கவிழ்த்த மாதிரி ஒரு புடைப்பு உண்டு. முதலைமீது பையனுக்குப் பைத்தியம் என்றால் அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை 1976இலிருந்து இருக்கிறது, அது தனியாக அரை நாள் கேட்கும்.

நீர்யானையிடம் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பகலெல்லாம் தண்ணீர், இரவில் மேய்ச்சல். மூச்சுவிட மேலே வரும்போது காது இரண்டும் சுழலுவதைப் பாருங்கள். ஒட்டகச்சிவிங்கி இருக்கிற இடத்தில் நாக்கைக் கவனியுங்கள், கருநீலமாக, முழங்கை நீளத்துக்கு வரும்.

இப்போது புலி. எல்லோரும் இதற்காகத்தான் வருகிறார்கள், எல்லோரும் தப்பான நேரத்தில் வருகிறார்கள். பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை அதன் முன்னால் நிற்பது வீண். காலை ஒன்பது, ஒன்பதரைக்கு முதல் சுற்றிலேயே ஒருமுறை, மறுபடி மூன்றரை, நாலு மணிக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். உயிரியல் பூங்காக்களில் பெரிய பூனைகளுக்கு இறைச்சி பொதுவாகச் சாயங்காலம், பின்பக்கத்துக் கூண்டுக்குள் வைத்துத்தான் கொடுப்பார்கள், வாரத்தில் ஒருநாள் பட்டினி. அந்த நேரம் நெருங்கும்போது எழுந்து கதவுப் பக்கம் நடமாட ஆரம்பிக்கும். முழு உருவத்தையும் நடையில் பார்க்க வேண்டுமென்றால் அப்போதுதான். ஒரே தடத்தில் போய்ப்போய்த் திரும்பிக்கொண்டே இருந்தால் "ஏம்ப்பா இப்படிச் சுத்துது?" என்று பையன் கேட்பான். மழுப்பாமல் சொல்லிவிடுங்கள். சாப்பாட்டுக்குக் காத்திருப்பதும் காரணம், அடைபட்டிருப்பதும் காரணம். காட்டில் ஒரு புலி இரவில் பல மைல் நடக்கும், எவ்வளவு பெரிய அடைப்பும் அதற்கு ஈடாகாது. வண்டலூரில் கம்பிக்குப் பதில் அகழி வெட்டித் திறந்தவெளி அடைப்புகளாக அமைத்தது இதைக் கொஞ்சமாவது குறைக்கத்தான்.

பழைய சென்னைக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். 1855இல் எழும்பூர் அருங்காட்சியகப் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் அங்கேயே ஆரம்பித்த விலங்குக் காட்சிதான் இந்தப் பூங்காவின் பூர்வீகம். பிறகு சென்ட்ரல் பக்கத்திலிருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. அருங்காட்சியகத்தை 'செத்த காலேஜ்' என்றும் இதை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள். உங்கள் அம்மா சின்ன வயதில் சென்னை வந்திருந்தால் அந்தப் பேரைக் கேள்விப்பட்டிருக்கலாம், கேட்டுப் பாருங்கள். மூர் மார்க்கெட்டை ஒட்டிய நெரிசலில் சின்னச் சின்னக் கூண்டுகளில் இருந்ததையெல்லாம் வண்டலூர் காட்டுக்குக் கொண்டுவந்து, 1985 ஜூலை 24 அன்று எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். இப்போது "ஒண்ணுமே கண்ணுக்குத் தெரியல" என்று குறைப்படுகிறவர்கள், அன்றைக்கு எல்லாம் கண்ணுக்குத் தெரிந்ததற்குக் காரணம் அவற்றுக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லாததுதான் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

வெள்ளைப்புலி பற்றி ஒரு வார்த்தை. அது தனி இனம் இல்லை, பனிப் பிரதேசத்துப் பிராணியும் இல்லை. நம் வங்கப்புலியில் ஒரு மரபணு மாற்றம். 1951இல் ரேவா மகாராஜா பிடித்து வளர்த்த மோகன் என்ற குட்டியின் வம்சம்தான் இன்று கூண்டுகளில் உள்ள வெள்ளைப்புலிகளில் ஏறக்குறைய எல்லாமே. நிறம் தப்பாமல் இருக்க அப்பனையும் மகளையும் சேர்த்தார்கள், அந்த நெருங்கிய கலப்பின் விளைவாகப் பலவற்றுக்கு மாறுகண் முதலிய குறைகள் வருகின்றன. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பாதுகாப்பு என்ற கணக்கில் அந்தச் சிங்கவால் குரங்குக்குப் பக்கத்தில் வராது.

சுவர்மேல் குழந்தையைத் தூக்கி உட்காரவைத்துப் படம் எடுக்காதீர்கள். 2014இல் டெல்லி உயிரியல் பூங்காவில் வெள்ளைப்புலியின் அகழிக்குள் ஓர் இளைஞர் விழுந்து இறந்தது நாடே பார்த்த சம்பவம். யாருக்காவது சளி, இருமல் இருந்தால் பயணத்தைத் தள்ளிவைத்துவிடுங்கள். 2021 ஜூனில் இதே வண்டலூரில் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றி இரண்டு இறந்தன. நம்மிடமிருந்து அவற்றுக்கு நோய் தொற்றக்கூடும்.

மத்தியான வெயிலைக் கழிக்க ஓட்டேரி ஏரிப் பக்கம் நல்லது. இது கூண்டு இல்லை, வருகிற பறவைகள் தானாக வருபவை. நல்ல மழை பெய்த ஆண்டில், அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, நீர்க்காகம், வக்கா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன் என்று மரத்தில் அப்பியிருக்கும், வலசை வாத்துகளும் இறங்கும். மழை பொய்த்தால் ஏரி வற்றிவிடும், அப்போது போக வேண்டாம். பைனாகுலர் இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டாலும் நீர்க்காகம் முங்கி எழுந்து சிறகை விரித்துக் காயவைப்பதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். அம்மாவுக்கும் உட்கார்ந்து பார்க்க இதுதான் தோது. பூங்கா மரங்களில் நிறைய 2016 டிசம்பர் வர்தா புயலில் சாய்ந்துவிட்டன, அதனால் நிழல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. தொப்பியோ குடையோ மறக்க வேண்டாம். குரங்கு சுற்றுகிற இடத்தில் சாப்பாட்டுப் பையைத் திறந்தால் புளிசாதம் போய்விடும்.

பூங்கா ஐந்து மணிக்கு மூடும். நாலரைக்கே வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்துவிடுங்கள், கடைசி நேரத்தில் கழிப்பறையிலும் வாசலிலும் ஒரே நெரிசல். அதற்குப்பிறகு ஜிஎஸ்டி சாலையில் ஆபீஸ் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். சாலையைக் கடக்க நடைமேம்பாலம் எங்கே என்று காலையிலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், அம்மா படியேற முடியாதென்றால் வாசலிலேயே ஆட்டோ பிடித்துக் கிளாம்பாக்கம் போய்விடுவது மேல். ஐந்தரை, ஆறு மணிக்குள் அங்கே போய்விட்டால் விழுப்புரம் பேருந்தில் ஜன்னலோர சீட்டு கிடைக்கும். முன்பதிவு இல்லாமல் ஞாயிறு சாயங்காலம் மட்டும் கொஞ்சம் சிரமம்.